எடுத்துச் செல்லும் டேபிள் சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரவேலையில் புதிதாக இறங்குபவர்களும், வேலை நடக்கும் இடத்துக்கே இயந்திரத்தைக் கொண்டுபோக வேண்டியிருக்கும் தச்சர்களும், எடுத்துச் செல்லக்கூடிய டேபிள் சாவைப் பற்றி ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் என்னிடம் கேட்டு வருகிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. ஏற்கெனவே விளக்கியதை மறுபடி எழுதாமல் கேள்வி எண்ணை மட்டும் சுட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. போர்ட்டபிள் டேபிள் சாவுக்கும் பட்டறையில் நிற்கும் பெரிய டேபிள் சாவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

அடிப்படை ஒன்றுதான். மேசைக்கு அடியில் இருக்கும் வட்ட பிளேடு ஒரு பிளவின் வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடு ஓரிடத்தில் நிற்க, நாம் கட்டையை நகர்த்தி அறுக்கிறோம். பட்டறை இயந்திரத்தின் மேற்பரப்பு வார்ப்பிரும்பால் ஆனது. எடை 200 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அதில் இருக்கும் இண்டக்ஷன் மோட்டார் பெல்ட் வழியாக பிளேடைச் சுழற்றுகிறது. எடுத்துச் செல்லும் இயந்திரத்தின் மேற்பரப்பு அலுமினியம். எடை பெரும்பாலும் 20 முதல் 45 கிலோ வரை. மோட்டார் யுனிவர்சல் வகையைச் சேர்ந்தது.

யுனிவர்சல் மோட்டார் என்பது டிரில், கிரைண்டர் போன்ற கைக்கருவிகளில் இருக்கும், கார்பன் பிரஷ் உள்ள அதே மோட்டார்தான். சிறிய உடலிலிருந்து அதிக ஆற்றலைத் தருவதற்காக அது மிக வேகமாகச் சுழல்கிறது. அந்த வேகத்தைப் பற்சக்கரங்கள் குறைத்து பிளேடுக்குக் கொடுக்கின்றன. இயந்திரத்தை ஒருவரே தூக்க முடிவதற்கும், அது காதைத் துளைக்கும் சத்தம் போடுவதற்கும் காரணம் இதுவே.

2. சர்க்குலர் சா கையில் இருக்கும்போது இது எதற்கு?

ஒரே அகலத்தில் பல துண்டுகளை நீளவாக்கில் அறுக்க வேண்டும் என்றால் டேபிள் சாவுக்கு நிகரான கருவி இல்லை. ஃபென்ஸை, அதாவது கட்டையை அணைத்துத் தள்ளும் நேர்ச்சட்டத்தை, ஒருமுறை 45 மி.மீ.-இல் பூட்டிவிட்டால் முதல் துண்டும் முப்பதாவது துண்டும் ஒரே அகலத்தில் வரும். கையடக்க சர்க்குலர் சாவில் ஒவ்வொரு துண்டுக்கும் கோடு போட்டு, வழிகாட்டிச் சட்டத்தைப் பிணைத்து, மறுபடி அளக்க வேண்டும். அளக்கும் ஒவ்வொரு முறையும் சிறு பிழை நுழையும்.

ஒடுக்கமான பட்டிகளை அறுப்பதிலும் இதே உண்மை. 20 மி.மீ. அகலமுள்ள சட்டத்தின் மீது சர்க்குலர் சாவின் அடித்தட்டு நிலையாக உட்காராது. டேபிள் சாவில் கட்டை மேசையின் மீது படுத்திருப்பதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை. அலமாரி விளிம்புப் பட்டி, கதவுச் சட்டம், இழுப்பறைப் பக்கங்கள் போன்றவற்றைப் பொருத்தும் இடத்திலேயே அளந்து அறுத்துக்கொள்ள முடிவதுதான் இந்த இயந்திரத்தின் உண்மையான வலிமை என்று நான் கருதுகிறேன்.

3. இதன் பெரிய பலவீனம் எது? ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

எடைக் குறைவு. வாங்குவதற்குக் காரணமாக இருக்கும் அதே பண்புதான் பலவீனத்துக்கும் மூலம். இலேசான உடல் அதிர்வை உள்வாங்காது. ஆகவே வெட்டின் முகத்தில் பல்தடம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். இலேசான இயந்திரத்தின் மீது கனமான பலகையை ஏற்றினால் அது நகரும், சில வேளை சாயவும் செய்யும். மேசை சிறியது என்பதால் பிளேடுக்கு முன்னால் கட்டையை ஊன்றி வைக்கப் போதிய பரப்பு இல்லை. பிளேடுக்குப் பின்னாலோ இன்னும் குறைவு. நீளமான பலகை பாதி அறுபட்டவுடன் அதன் வால் கீழே தொங்க, முனை மேலெழும். அதை அழுத்திப் பிடிக்க முயலும் கை பிளேடுக்கு அருகில் போகும். விபத்துகளுக்கு இது ஒரு முக்கிய வழி.

ஆகவே, இயந்திரத்துடன் சேர்த்து, அதன் மேசை உயரத்துக்குச் சரியாக அமையும் ஒரு தாங்குபலகையையோ உருளைத் தாங்கியையோ பின்புறம் வைத்துக்கொள்வதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் கால்கள் தரையில் ஆடாமல் நிற்கின்றனவா என்று ஒவ்வொரு முறை விரித்த பிறகும் பார்க்க வேண்டும். அலுமினிய மேசை துருப்பிடிக்காது என்பது நன்மை. அதில் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தப்பிடி உள்ள ஃபெதர்போர்டு (கட்டையை ஃபென்ஸோடு அணைத்துப் பிடிக்கும் சீப்பு போன்ற பலகை) போன்ற துணைக்கருவிகள் பயன்படாது என்பதை வாங்கிய பிறகே பலர் அறிகிறார்கள்.

4. எத்தனை வாட் மோட்டார் போதும்?

இந்த வகையில் பெரும்பாலானவை 1500 முதல் 2000 வாட் வரை இருக்கும். 18 மி.மீ. பிளைவுட்டுக்கும் 25 மி.மீ. மரப்பலகைக்கும் இது தாராளம். 50 மி.மீ. தடிமனுள்ள கடின மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போதுதான் மோட்டார் திணறும். அப்போது மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் பிளேடைப் பாருங்கள். இயந்திரத்துடன் வரும் பிளேடில் பெரும்பாலும் 24 முதல் 40 பற்கள் இருக்கும். நெடுக்குவெட்டுக்கு 24 பல் பிளேடு ஏற்றது, ஏனெனில் பற்களுக்கு இடையிலுள்ள பெரிய பள்ளங்கள் நீண்ட மரச்சுருளை வெளியே கொண்டுவந்துவிடுகின்றன. 60 அல்லது 80 பல் பிளேடில் அதே கட்டையைத் தள்ளினால் தூள் பற்களுக்கிடையில் அடைபட்டு, மரம் கருகி, மோட்டார் சூடேறும்.

பிளேடின் வெட்டு அகலமும் கணக்கில் வரும். முழு அகல பிளேடு சுமார் 3.2 மி.மீ. மரத்தைத் தூளாக்குகிறது, மெல்லிய வகை ஏறத்தாழ 2.4 மி.மீ. மட்டுமே எடுக்கிறது. மோட்டாருக்கு வேலை நான்கில் ஒரு பங்கு குறைகிறது. எடுத்துச் செல்லும் இயந்திரத்துக்கு மெல்லிய பிளேடே பொருத்தம். ஆனால் அதை மாற்றும்முன் 11-ஆம் கேள்வியில் உள்ள தடிமன் விதியைப் படித்துவிடுங்கள்.

5. எட்டேகால் அங்குல பிளேடா, பத்து அங்குலமா?

பத்து அங்குல பிளேடு (254 மி.மீ.) நேராக நிற்கும்போது ஏறத்தாழ 75 முதல் 80 மி.மீ. வரையிலும், 45 பாகை சாய்த்தால் சுமார் 55 மி.மீ. வரையிலும் அறுக்கும். எட்டேகால் அங்குல பிளேடு (210 மி.மீ.) நேராக ஏறத்தாழ 65 மி.மீ., சாய்வில் 45 மி.மீ. சுற்றளவில் அறுக்கும். பலகை வேலையில் 50 மி.மீ.-க்கு மேல் அறுக்க வேண்டிய தேவை எத்தனை முறை வரும் என்று உங்கள் வேலையை வைத்து எண்ணிப் பாருங்கள். அரிதாகத்தான் வரும் என்றால் சிறிய பிளேடு உள்ள இயந்திரமே இலகுவானது. சிறிய வட்டத்தைச் சுழற்ற மோட்டாருக்கும் சுமை குறைவு. பெரிய பிளேடின் பக்கம் இருக்கும் உண்மையான நன்மை, கடைகளில் அந்த அளவில் பல வகை பிளேடுகள் கிடைப்பதுதான்.

எந்த அளவானாலும் நடுத்துளையைச் சரிபாருங்கள். இயந்திரம் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து 30 மி.மீ., 25.4 மி.மீ., 15.9 மி.மீ. என்று துளை மாறுகிறது. பெரிய துளையுள்ள பிளேடைச் சிறிய அச்சில் அப்படியே மாட்டினால் அது மையம் விலகிச் சுழலும். பிளேடின் மீது அச்சிட்டுள்ள உச்ச சுழல்வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் கட்டாயம்.

6. கடையில் பார்க்கும்போது எதை முதலில் சோதிக்க வேண்டும்? மோட்டாரைத்தானே?

ஃபென்ஸை. மோட்டார் 200 வாட் குறைவாக இருந்தால் கட்டையை மெதுவாகத் தள்ளிச் சமாளிக்கலாம். ஃபென்ஸ் கோணலாகப் பூட்டிக்கொண்டால் எதைச் செய்தும் சமாளிக்க முடியாது, அறுத்த துண்டின் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுக்கமாகவும் வரும், அதைவிட மோசமாக, கட்டை பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே நெருக்குண்டு பின்னால் எகிறும்.

கடையில் இப்படிச் செய்யுங்கள். இயந்திரத்தின் மின்இணைப்பு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஃபென்ஸை ஓர் அளவில் பூட்டி, அதன் பின்முனையை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். அது நெகிழ்ந்து கொடுத்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடலாம். பிறகு மைட்டர் காடியிலிருந்து, அதாவது மேசையில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளத்திலிருந்து, ஃபென்ஸின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள தொலைவை அளந்து, பூட்டைத் திறந்து நகர்த்தி மறுபடி பூட்டி, மறுபடி அளந்து பாருங்கள். சில இயந்திரங்களில் ஃபென்ஸின் இரு முனைகளும் பற்சட்டத்தின் மீது ஒரே குமிழால் சேர்ந்து நகர்கின்றன; இந்த அமைப்பு எப்போதும் இணையாகவே நிற்கும். என் கணிப்பில், இரண்டு இயந்திரங்களுக்கு இடையே தயங்கும்போது முடிவைத் தீர்மானிக்க இந்த ஒன்றே போதும்.

7. புது இயந்திரம்தானே, எல்லாம் தொழிற்சாலையிலேயே சரியாக வைத்துத் தந்திருப்பார்கள் அல்லவா?

தந்திருக்கலாம், ஆனால் வண்டியில் குலுங்கி வந்த பிறகு சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். எடுத்துச் செல்லும் இயந்திரத்தை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அளவுகள் சற்று நகர வாய்ப்பு உண்டு. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடை முழுதாக உயர்த்தி, ஒரு பல்லில் பேனாவால் குறியிட்டு, அந்தப் பல் மேசையின் முன்பக்கம் இருக்கும்போது மைட்டர் காடியிலிருந்து அதற்குள்ள தொலைவை அளங்கள். பிறகு பிளேடைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மீண்டும் அளங்கள். அதே பல்லைப் பயன்படுத்துவதால் பிளேடில் சிறு வளைவு இருந்தாலும் அளவு கெடாது. இரண்டு அளவுகளும் 0.1 மி.மீ. அளவுக்குள் ஒத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் கையேட்டில் காட்டியபடி மோட்டார் தாங்கியின் திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

அதன்பின் ஃபென்ஸையும் அதே காடிக்கு இணையாக வையுங்கள். பின்முனை பிளேடை நோக்கி ஒரு மயிரிழைகூட உள்வாங்கக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் சற்று வெளியே விலகியிருப்பதே மேல். பிளேடு நேராக நிற்கிறதா என்பதை மூலைமட்டத்தை பிளேடின் தட்டையான உடலில், பற்களில் படாமல், வைத்துப் பாருங்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் பாகைமானியின் முள் வெறும் குறிப்புக்கு மட்டுமே.

8. முழு பிளைவுட் ஷீட்டை இதில் அறுக்கலாமா?

2440 × 1220 மி.மீ. அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஏறத்தாழ 30 கிலோ அல்லது அதற்கு மேல் இருக்கும். இயந்திரமே 25 கிலோ இருக்கும்போது, தன்னைவிடக் கனமான, தன் மேசையைப் போல மூன்று மடங்கு நீளமான பொருளை அது தாங்க வேண்டியிருக்கிறது. தனி ஆளாக இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். பெட்டியில் ஃபென்ஸ் 600 அல்லது 800 மி.மீ. வரை விரியும் என்று போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அது ஃபென்ஸ் எட்டும் தூரத்தைச் சொல்கிறதே ஒழிய, மேசை தாங்கும் சுமையைச் சொல்லவில்லை.

ஷீட்டைத் தரையில் தடிமனான தெர்மோகோல் பலகையின் மீது படுக்க வைத்து, சர்க்குலர் சாவால் தேவையைவிட 5 மி.மீ. கூடுதலாக முதலில் துண்டுபோடுங்கள். பிறகு அந்தச் சிறு துண்டுகளை டேபிள் சாவில் சரியான அளவுக்குக் கொண்டுவரலாம். இரண்டு கருவிகளும் அவற்றுக்குத் தகுந்த வேலையைச் செய்கின்றன.

9. குறுக்குவெட்டுக்கு இது நன்றாக இருக்குமா?

குறுகிய துண்டுகளுக்கு நன்று, நீளமானவற்றுக்கு நன்றன்று. உடன்வரும் மைட்டர் கேஜ், அதாவது கட்டையை வேண்டிய கோணத்தில் பிடித்துத் தள்ளும் சறுக்குச் சட்டம், பெரும்பாலும் காடியில் சற்று ஆடும். அதனால் 90 பாகை என்று வைத்தது 89.5 ஆகிவிடும். இரண்டு காடிகளிலும் ஓடும் அடிச்சட்டங்கள் பொருத்திய பிளைவுட் சறுக்குப் பலகை ஒன்றை நீங்களே செய்துகொண்டால் இந்தக் குறை நீங்கும். ஆனால் பிளேடுக்கு முன்னால் இடம் குறைவு என்பதால் அகலமான பலகையைச் சறுக்குப் பலகையில் வைத்தால் அது மேசைக்கு வெளியே தொங்கும். நீண்ட சட்டங்களின் முனையை வெட்ட, பிளேடை மேலிருந்து இறக்கி அறுக்கும் மைட்டர் சாவே பொருத்தம்.

மைட்டர் கேஜையும் ஃபென்ஸையும் ஒரே வெட்டில் சேர்த்துப் பயன்படுத்தி, அறுபடும் துண்டு இரண்டுக்கும் நடுவே சிக்கும்படி விடக் கூடாது. ஒரே நீளத்தில் பல துண்டுகள் வேண்டுமானால், பிளேடுக்கு நன்கு முன்னதாக ஃபென்ஸில் ஒரு சிறு தடுப்புக்கட்டையைப் பிணைத்து, அதில் முனையைத் தொட்டு அளவு வைத்துக்கொண்டு, பிறகு தள்ளுங்கள். கட்டை பிளேடைச் சேரும்போது தடுப்பிலிருந்து விலகியிருக்கும், துண்டு சிக்காது.

10. கிக்பேக் என்கிறார்களே, கட்டை ஏன் பின்னால் பாய்கிறது?

பிளேடின் முன்பகுதிப் பற்கள் மேசையை நோக்கிக் கீழ்நோக்கி வெட்டுகின்றன. அவை கட்டையை மேசையில் அழுத்தி வைக்கின்றன. பின்பகுதிப் பற்களோ மேசையிலிருந்து மேலே எழுந்து, உச்சியைக் கடந்து, உங்களை நோக்கி வருகின்றன. அறுபட்ட கட்டை ஏதோ ஒரு காரணத்தால் அந்தப் பின்பற்களில் சாய்ந்தால், அவை அதைத் தூக்கி உங்கள் பக்கம் எறிகின்றன. 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4800 சுற்றுகள் சுழன்றால் பல்லின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 64 மீட்டர், அதாவது மணிக்கு 230 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கட்டையின் மீது இருந்த கையும் அதனுடன் பிளேடை நோக்கி இழுக்கப்படலாம் என்பதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து.

காரணங்கள் மூன்று வகைப்படும். ஃபென்ஸ் உள்ளே சாய்ந்திருப்பது (6, 7-ஆம் கேள்விகள்). மரத்தின் உள்ளிறுக்கம் வெட்டின்போது விடுபட்டு, வெட்டிய பிளவு பிளேடின் மீதே மூடிக்கொள்வது. கட்டையை ஃபென்ஸுடன் சேர்த்து அணைக்காமல் தள்ளுவதால் அது திரும்பிவிடுவது. மூன்றாவதுதான் புதியவர்களிடம் அதிகம். வளைந்த விளிம்பை ஃபென்ஸில் வைத்து அறுப்பதும், ஃபென்ஸ் இல்லாமல் வெறுங்கையால் தள்ளுவதும் இதில் அடங்கும்.

பிளேடுக்கு நேர்கோட்டில் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் இடையே உள்ள துண்டை, அது பிளேடைத் தாண்டும் வரை விடாமல் தள்ளுங்கள். இடைவெளி ஒரு கையகலத்துக்குக் குறைவாக இருந்தால் தள்ளுகட்டை இல்லாமல் தொட வேண்டாம். முனையில் மட்டும் இடிக்கும் ஒல்லிக் குச்சியைவிட, கட்டையின் மேற்பகுதியையும் அழுத்திப் பின்முனையையும் பிடிக்கும், செருப்பின் அடி போன்ற வடிவத்தில் வெட்டிய தள்ளுகட்டை மிகவும் உதவும்.

11. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு இடைஞ்சலாக இருக்கிறது. கழற்றிவிட்டால் என்ன?

அந்தத் தகடு ரைவிங் நைஃப். 10-ஆம் கேள்வியில் சொன்ன பின்பற்களுக்கும் கட்டைக்கும் நடுவே நிற்பது அது ஒன்றே. பிளவு மூடிக்கொள்ள முயன்றால் தகட்டின் மீதுதான் மூடும், பிளேடின் மீது அன்று. பிளேடு உயர்ந்தால் அதுவும் உயரும், சாய்ந்தால் சாயும்; எப்போதும் பின்பற்களுக்குச் சில மில்லிமீட்டர் தொலைவிலேயே நிற்கும். பழைய இயந்திரங்களில் அசையாமல் நின்ற பிளவுத்தகடு காடி வெட்டும்போது இடைஞ்சலாக இருந்தது உண்மை. ரைவிங் நைஃப் பிளேடின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாக நிற்கக்கூடியது என்பதால், முழுதாக அறுக்காமல் காடி மட்டும் வெட்டும்போது மேற்கவசத்தைக் கழற்றினாலும் இதை விட்டுவைக்கலாம். கவசம் எடுக்கப்பட வேண்டிய வேலைகள் உண்டு. ரைவிங் நைஃபை எடுக்க வேண்டிய வேலை மிக அரிது.

தடிமன் விதி இது: தகடு, பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும் பற்கள் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உடல் 1.8 மி.மீ., வெட்டு அகலம் 2.6 மி.மீ. உள்ள பிளேடுக்கு 2.2 மி.மீ. தகடு பொருந்தும். அதே தகட்டுடன் 2.0 மி.மீ. வெட்டு அகலமுள்ள மெல்லிய பிளேடை மாட்டினால் கட்டை தகட்டில் முட்டி நின்றுவிடும். அப்போது பலர் தகட்டைக் கழற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது பிளேடு. இயந்திரத்தின் தகட்டிலேயே அதன் தடிமன் அச்சிடப்பட்டிருக்கும்.

12. கையுறை போட்டுக்கொள்ளலாமா?

அறுக்கும்போது கூடாது. பல்லில் மாட்டும் துணி கையையும் உள்ளே இழுத்துவிடும். தளர்ந்த முழுக்கைச் சட்டை, தொங்கும் துண்டு, மணிக்கட்டுக் கயிறு அனைத்துக்கும் இதுவே பொருந்தும். பிளேடை மாற்றும்போது, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கையுறை அணிவது நல்லதுதான். கண்ணாடியும் காது மறைப்பானும் எப்போதும் வேண்டும். இந்த வகை இயந்திரங்களின் ஒலி 95 டெசிபெலுக்கு மேல் போவது வழக்கம், 85-ஐத் தாண்டிய ஒலியில் நெடுநேரம் இருந்தாலே செவித்திறன் பாதிக்கப்படும்.

13. வேலையிடத்தில் நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் கிடைக்கிறது. மோட்டாருக்குக் கேடா?

ஒயரின் தடிமனைப் பொறுத்தது. 2000 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இதனால் ஏறத்தாழ 12 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும்; 2.5 சதுர மி.மீ. ஒயரில் 4 வோல்ட்டுக்கும் குறைவு. தொடங்கும் கணத்திலும் பிளேடு திணறும்போதும் மின்னோட்டம் பல மடங்கு உயர்வதால் இழப்பும் அதே விகிதத்தில் உயரும். 110, 120 வோல்ட் வழங்கும் இடங்களில் அதே வாட்டுக்கு மின்னோட்டம் இரட்டிப்பாவதால் ஒயர் இன்னும் தடிமனாக இருக்க வேண்டும். உருளையில் சுற்றிய ஒயரை முழுவதும் விரித்த பிறகே பயன்படுத்துங்கள். சுற்றியபடி விட்டால் சூடு வெளியேறாமல் உறை உருகும்.

மின்சாரம் போய்த் திரும்பும் இடங்களில் சுவிட்ச் வகை முக்கியம். மின்தடை ஏற்பட்டால் தானாக அணைந்து, மீண்டும் அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் உள்ள இயந்திரத்தையே வாங்குங்கள். சாதாரண சுவிட்ச் என்றால், மின்சாரம் திரும்பும்போது பிளேடு அருகே கட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும் கையின் பக்கத்தில் அது தானாகச் சுழலத் தொடங்கும்.

14. தூசியைப் பிடிக்க வழி உண்டா?

ஓரளவுக்கு மட்டுமே. அடிப்பகுதி திறந்திருப்பதால், பின்புறக் குழாயில் வேக்கும் கிளீனரை இணைத்தாலும் தூளில் ஒரு பகுதி கீழேயும், மற்றொரு பகுதி பிளேடின் மேலிருந்து உங்கள் முகத்தை நோக்கியும் வரும். மேற்கவசத்திலும் உறிஞ்சுகுழாய் உள்ள மாதிரி இதில் மேலானது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை 1995-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. இதைச் சிறு தொந்தரவாகக் கருத முடியாது. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்கும்போது தூள் மிக நுண்ணியது என்பதால் திறந்தவெளியில், சரியான முகமூடியுடன் மட்டும் செய்யுங்கள்.

15. பேட்டரியில் ஓடும் டேபிள் சா நம்பத்தக்கதா?

அறுக்கும் ஆற்றலில் நம்பலாம். 60 வோல்ட் பேட்டரியுடன் எட்டேகால் அங்குல பிளேடைச் சுழற்றும் மாதிரிகள் கம்பி இணைப்புள்ளவற்றுக்கு ஈடாகவே பலகைகளை அறுக்கின்றன. குறை, எவ்வளவு நேரம் என்பதில் இருக்கிறது. கடின மரத்தை நீளவாக்கில் தொடர்ந்து அறுத்தால் பேட்டரி விரைவில் தீரும், சூடாகவும் ஆகும். மின்சாரம் இன்னும் வராத கட்டடத்தில் அன்றாடம் சில வெட்டுகள் மட்டும் என்றால் மிகவும் உதவும். ஏற்கெனவே அதே நிறுவனத்தின் பேட்டரிகள் உங்களிடம் இல்லையென்றால் கம்பியுள்ளதே செலவு குறைந்தது.

16. சர்க்குலர் சாவை ஒரு பிளைவுட்டின் அடியில் தலைகீழாக மாட்டினால் இதே வேலை நடக்குமே?

அறுக்கும், ஆனால் அதைச் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். அப்படி மாட்டும்போது சர்க்குலர் சாவின் கீழ்க்கவசத்தைத் திறந்தபடி கட்டி வைக்க வேண்டும், சுவிட்சையும் அழுத்தியபடி கட்டி வைக்க வேண்டும். ரைவிங் நைஃப் பெரும்பாலும் இருக்காது. ஃபென்ஸ் என்பது இரண்டு பிணைப்பிகளால் இறுக்கிய ஒரு சட்டம். 10, 11, 13-ஆம் கேள்விகளில் சொன்ன பாதுகாப்புகளில் ஒன்றுகூட அதில் மிஞ்சுவதில்லை. பணம் தடை என்றால், அதே சர்க்குலர் சாவை நேரான வழிகாட்டிச் சட்டத்துடன் அது வடிவமைக்கப்பட்ட முறையிலேயே பயன்படுத்துங்கள். வேகம் குறையும், துல்லியம் கிடைக்கும்.

17. விரல் பட்டால் நின்றுவிடும் டேபிள் சா இருக்கிறதாமே? அது இருந்தால் வேறு கவலை வேண்டாமா?

இருக்கிறது. அமெரிக்கரான ஸ்டீவ் காஸ் 1999-இல் உருவாக்கிய நுட்பத்தின் அடிப்படையில் அமைந்த சாஸ்டாப் நிறுவனம், எடுத்துச் செல்லும் மாதிரியை 2015-இல் வெளியிட்டது. பிளேடின் மீது மிகச் சிறிய மின்குறிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரத்தைக் கடத்தும் மனித உடல் பட்டவுடன் அந்தக் குறிப்பு மாறும். உடனே ஒரு விற்சுருள் அலுமினியக் கட்டியை பிளேடுக்குள் செலுத்த, சுமார் 5 மில்லிவினாடியில் பிளேடு நின்று மேசைக்குக் கீழே இறங்கிவிடும். போஷ் நிறுவனம் பிளேடைக் கெடுக்காமல் கீழே இறக்கும் தன் சொந்த மாதிரியைக் கொண்டுவந்தது. காப்புரிமை வழக்கில் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 2017-இல் அதன் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

விலை கூடுதல் என்றாலும், வாங்க முடிந்தவர்கள் வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இரண்டு விஷயங்களை அறிந்திருங்கள். ஒருமுறை இயங்கினால் அந்த அலுமினியக் கட்டி அடங்கிய தடுப்புப் பெட்டியையும் பெரும்பாலும் பிளேடையும் புதிதாக வாங்க வேண்டும். ஈரமான மரமோ உலோக ஆணியோ பட்டாலும் அது இயங்கக்கூடும். இரண்டாவது, அது கிக்பேக்கைத் தடுக்காது. எகிறிய கட்டை வயிற்றில் மோதுவதை எந்த மின்குறிப்பும் அறியாது. 10, 11-ஆம் பதில்கள் அதற்கும் முழுதாகப் பொருந்தும்.

18. பிளேடைச் சாய்த்து அறுக்கும்போது ஃபென்ஸ் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

பிளேடு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். பெரும்பாலான மாதிரிகளில் பிளேடு இடப்பக்கம் சாயும். ஆகவே ஃபென்ஸ் வலப்பக்கம் இருக்கும். தவறான பக்கத்தில் வைத்தால், ஃபென்ஸுக்கும் சாய்ந்த பிளேடுக்கும் கீழே கட்டை ஆப்பைப் போல இறுகி, மேலே எழ வழியில்லாமல் பின்னால் பாயும்.

19. பழைய இயந்திரம் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ரைவிங் நைஃபும் மேற்கவசமும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பழைய இயந்திரங்களில் முதலில் காணாமல் போவது இவைதான். தயாரிப்பாளர் இன்னும் உதிரியாக விற்கிறார் என்றால் மட்டும் மேலே பேசுங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கி, பிளேடை இருபுறமும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். அச்சில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. உயர்த்தும் சக்கரம் இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் தூள் அடைத்திருப்பதே காரணம். திருகாணியைத் தூரிகையால் சுத்தம் செய்து, எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு தடவினால் சரியாகும், எண்ணெய் மறுபடி தூளை ஒட்டவைக்கும். பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். கார்பன் பிரஷ் இருக்கும் இடத்தில் சிறு பொறி இயல்பு. வளையமாகச் சுற்றி எரியும் பொறி என்றால் பிரஷோ, அதைவிடச் செலவு பிடிக்கும் சுழலியின் செம்புப் பகுதியோ தேய்ந்திருக்கிறது. பிரஷை வெளிமூடியைத் திறந்தே மாற்றலாம், விலையும் சொற்பம். கடைசியாக 6-ஆம் கேள்வியில் சொன்ன ஃபென்ஸ் சோதனையைச் செய்து, 7-ஆம் கேள்வியில் சொன்னபடி பிளேடின் இணைநிலையை அளங்கள். பிளேடு கோணலாக இருந்து, சரிசெய்யும் திருகுகள் முழு எல்லைக்குப் போன பிறகும் அது நேராகவில்லை என்றால், இயந்திரம் எங்கோ விழுந்து அதன் சட்டம் வளைந்திருக்கிறது. அதைத் திருத்த முடியாது.